சஹ்யாத்ரியின் கண்டீல் பூக்கள்

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் புனே நகரம் பாதி காலியாகிவிடும் என்று, அங்கே பணியாற்றும் நம் வங்கி நண்பர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நகருக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்மகட் கோட்டைக்குச் செல்லும் சாலையைக் கண்டால் அது வேடிக்கையன்று என்பது விளங்கும். பனிமூட்டத்தினூடே குடும்பம் குடும்பமாக மக்கள் மலையேறுகின்றனர். கோட்டையின் மேல் பிட்லாவும் பாக்கரியும், சுடச்சுட வெங்காய பஜ்ஜியும், மண் கலயத்துத் தயிரும் காத்திருக்கின்றன. தானாஜி உயிர் நீத்துப் பெற்றுத் தந்த கோட்டையை வலம் வந்து, படமெடுத்துக்கொண்டு, மாலைக்குள் அனைவரும் நகருக்குத் திரும்பிவிடுகின்றனர்.

சென்ற ஆகஸ்டில் நாமும் அப்படித்தான் புறப்பட்டோம். ஆனால் நம்மை அழைத்துச் சென்றவர் கோட்டைக்குச் செல்லும் வழியை விட்டு விலகி, அதே மலைத்தொடரின் வேறொரு சரிவுக்கு வண்டியைத் திருப்பினார். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். முழங்கால் அளவு புல்லில் அரை மணி நேரம் நடந்தபின், ஓரிடத்தில் குனிந்து, புல்லை மெல்ல விலக்கிக் காட்டினார். ஒரு சாண் உயரச் செடி. ஈட்டி முனை போன்ற நான்கைந்து இலைகள். அவற்றின் இடுக்கில் ஒரேயொரு மலர். அடியில் பருத்து, நடுவில் குழலாக ஒடுங்கி, உச்சியில் ஐந்து இதழ்களும் மீண்டும் ஒன்றுகூடி ஒரு சிறு கூண்டாக நின்றது. அந்தக் கூண்டின் சன்னல்கள் வழியே மழைநாளின் வெளிச்சம் ஊடுருவி வந்தது. அரிக்கேன் விளக்கு ஒன்றைக் குழந்தையின் விரலளவுக்குச் சுருக்கிப் புல்வெளியில் வைத்ததுபோல் இருந்தது.

இதனை மராட்டியர் 'கண்டீல் புஷ்பம்' என்கின்றனர். கண்டீல் என்றால் விளக்குக் கூண்டு. தீபாவளியன்று வீட்டு வாசலில் தொங்கவிடுவதும் கண்டீல்தான். தாவரவியலார் இதற்கு வழங்கும் பெயர் செரோபீஜியா. படமெடுக்க நாம் கைப்பேசியை எடுத்தபோது நண்பர் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: "படம் எடுத்துக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள்." அந்த வேண்டுகோளுக்கு இணங்கி, அச்சரிவின் பெயரை இக்கட்டுரையில் தவிர்த்திருக்கிறோம். ஒரு மலரின் முகவரியை ஏன் மறைக்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மெழுகு ஊற்று என்னும் பெயர்

செரோபீஜியா என்பது ஒரே ஒரு செடியின் பெயரன்று. அது ஒரு பேரினத்தின் பெயர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பேரினத்திற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கெரோஸ்' என்பது மெழுகையும் 'பெகே' என்பது ஊற்றையும் குறிக்கும். மெழுகு ஊற்றாய்ப் பொங்கி உறைந்ததுபோல் அவருக்கு அம்மலர்கள் தோன்றியிருக்க வேண்டும். அவர் முதன்முதலில் விவரித்த சிற்றினத்திற்கு 'கேண்டலாப்ரம்', அதாவது பல கிளைகள் கொண்ட விளக்குத்தண்டு என்றே பெயர் சூட்டினார்.

அந்த விளக்குத்தண்டுச் செடி நம் தென்னகத்தைச் சேர்ந்தது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு வைத்தியர்களின் துணையுடன் தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதிலிருந்த ஓவியமே லின்னேயஸுக்கு ஆதாரம். மேற்குக் கடற்கரையின் வைத்தியர்கள் அறிந்திருந்த ஒரு கொடி, உலகத் தாவரவியலில் ஒரு பேரினத்திற்கே அடையாளமாயிற்று.

இன்று இப்பேரினத்தின் உறவினர்கள் ஆப்பிரிக்காவை ஒட்டிய கனேரித் தீவுகள் முதல் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளனர். பழைய வரையறையின்படி ஏறத்தாழ 200 சிற்றினங்கள் இதில் அடங்கும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் நெருங்கிய உறவுடைய வேறு பல செடிகளையும் இதனுள் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டது. அவ்வாறு எண்ணினால் தொகை 700ஐத் தாண்டும். இந்தியாவில் பழைய கணக்கின்படி சுமார் 60 சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அவற்றின் பெருங்கூட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியாகிய சஹ்யாத்ரியில் குடிகொண்டுள்ளது.

தமிழ் வாசகர்களுக்கு இக்குடும்பம் அயலன்று. சாலையோர எருக்கும் வேலியில் படரும் வேலிப்பருத்தியும் இதன் பங்காளிகள். வறண்ட கரடுகளில் முளைத்து, கிராமத்துச் சமையலறையில் துவையலாகும் கள்ளிமுளையான் இதற்கு மிக நெருங்கிய உறவு. எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை நாமனைவரும் சிறுவயதில் ஊதி விளையாடியிருக்கிறோம். கண்டீல் பூவின் விதைக்கும் அதேபோன்ற பட்டுக் குஞ்சம் உண்டு.

சிறைப்படுத்தி விடுவிக்கும் மலர்

இம்மலரின் விளக்கு வடிவம் அழகுக்காக அமைந்ததன்று. அது ஒரு பொறி. அதில் சிக்குபவை மிகச் சிறிய ஈக்கள்.

மலரின் உச்சியில் உள்ள கூண்டிலிருந்து வீசும் மணமும் அதன் நிறமும் ஈயை அழைக்கின்றன. கூண்டின் சன்னல் வழியே நுழையும் ஈக்குக் குழலின் உட்சுவர் வழுக்குகிறது. அது கீழே சறுக்குகிறது. குழலின் உட்புறத்தில் கீழ்நோக்கி வளைந்த மயிர்கள் உண்டு. இறங்குவோருக்கு அவை வழிவிடும், ஏறுவோரைத் தடுக்கும். மீன் பிடிக்கும் கூடையில் நுழைவது எளிது, மீள்வது அரிது என்பதுபோல. ஈ அடியிலுள்ள பருத்த அறையைச் சென்றடைகிறது. அங்கே அதற்குத் தேன் கிடைக்கிறது.

செரோபீஜியாவின் மகரந்தம் பூசணிப்பூவின் மகரந்தம்போல் தூளாக உதிர்வதில்லை. இரண்டு சிறு திரள்களாகக் கட்டப்பட்டு, நடுவில் ஒரு கவ்வியால் இணைக்கப்பட்டிருக்கும். தேனை நாடும் ஈயின் வாயுறுப்பில் அக்கவ்வி மாட்டிக்கொள்கிறது. பின்னர் மலர் முதுமையடைகிறது. நிமிர்ந்திருந்த குழல் சாய்கிறது, உள்ளிருக்கும் மயிர்கள் வாடுகின்றன, கதவு திறக்கிறது. ஈ வெளியேறி, பட்ட அனுபவத்தை மறந்து, மற்றொரு கண்டீலுக்குள் நுழைகிறது. அங்கே அது சுமந்து வந்த திரள் அதற்கென அமைந்த நுண்ணிய பள்ளத்தில் பொருந்தினால் மட்டுமே கருவுறுதல் நிகழும். பூட்டில் சாவி பொருந்துவது போன்ற துல்லியம் இதற்குத் தேவை.

பூச்சிகளை உண்ணும் செடிகளும் இதே சஹ்யாத்ரியின் பாறைமேடுகளில் உண்டு. அவை பிடித்ததைச் செரித்துவிடுகின்றன. கண்டீல் பூ அப்படியன்று. சிறைப்பட்ட ஈயை உயிருடன் விடுவித்தால்தான் அதற்கு வாழ்வு.

ஈயை அழைக்கும் மணத்தைப் பற்றித் தென்னாப்பிரிக்கச் சிற்றினமாகிய செரோபீஜியா சாண்டர்சோனியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. சிலந்தியிடம் சிக்கிய தேனீ, அபாயத்தில் சில மணப்பொருள்களை வெளியிடும். அம்மணத்தை மோப்பம் பிடித்து வந்து, சிலந்தி உண்ணும் தேனீயின் உடல்நீரைப் பங்கு போட்டுக் குடிக்கும் சிறு ஈக்கள் உண்டு. சாண்டர்சோனியின் மலர் அதே மணத்தைத் தானே உருவாக்கி அந்த ஈக்களை ஏமாற்றி அழைக்கிறது என்பதே கண்டுபிடிப்பு. அங்கே தேனீயும் இல்லை, சிலந்தியும் இல்லை. பொய்யான அபய ஓலம் மட்டுமே உண்டு.

இத்தனை நுட்பத்திற்கும் ஒரு விலை உண்டு. ஏற்ற ஈ, ஏற்ற நாளில், ஒரே சிற்றினத்தின் இரண்டு மலர்களுக்குள் அடுத்தடுத்துச் செல்ல வேண்டும். ஆகவே பூப்பவற்றுள் காய்ப்பவை குறைவு. செடிகள் ஒன்றுக்கொன்று தொலைவாகப் பிரிந்துவிட்டால் காய்ப்பு மேலும் குறையும். ஒரு சரிவில் பத்துச் செடிகளைத் தோண்டி எடுத்துவிட்டால், எஞ்சிய ஐந்தும் பூத்து வீணாகலாம்.

நிலத்தடிச் சேமிப்பு

புனேயின் மழைக்காலம் ஜூன் மாதம் தொடங்கிச் செப்டம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். எஞ்சிய எட்டு மாதங்களில் சஹ்யாத்ரியின் புல்வெளிகள் காய்ந்து பொன்னிறமாகிப் பின் கருகிவிடும். இத்தகைய நிலத்தில் வாழ, கண்டீல் செடி ஒரு வழி கண்டுள்ளது: அது தன் முதலை நிலத்தடியில் வைத்துவிட்டு, வட்டியில் வாழ்கிறது.

அந்த முதல் ஒரு கிழங்கு. ஜூனில் முதல் மழை நனைத்ததும் கிழங்கிலிருந்து தண்டு எழும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மலர்கள். பின்னர் இரட்டைக் கொம்புகள்போல் நீண்ட காய்கள். அவை வெடித்து விதைகள் காற்றில் பறந்தபின் தண்டு, இலை யாவும் மடிந்துவிடும். மேலே ஓர் அடையாளமும் எஞ்சுவதில்லை. இலைகள் உழைத்துச் சேர்த்த மாவுச்சத்து கிழங்கில் இருக்கிறது. அடுத்த ஆண்டின் தண்டுக்கும் பூவுக்கும் அதுவே கைப்பொருள். மழை பொய்த்த ஆண்டில் இலைகளின் உழைப்பு குறைந்தாலும் பழைய இருப்பு செடியைக் காக்கும். சேமிப்பின் அருமையை இதைவிட நன்றாக எடுத்துக்காட்டும் செடியை நாம் கண்டதில்லை.

பொதுவாக இப்பேரினத்துச் செடிகள் மற்றவற்றைப் பற்றிப் படரும் கொடிகள். புனேயைச் சூழ்ந்த மலைகளில் கொடிகளும் உண்டு. நம் நித்தியகல்யாணி ஒரு காலத்தில் எந்தப் பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டதோ அந்த வின்கா செடியின் இலையை ஒத்திருப்பதால் 'வின்சிஃபோலியா' எனப் பெயர்பெற்ற கொடி அவற்றுள் ஒன்று. ஆனால் சஹ்யாத்ரியின் தனிச்சிறப்பு, பற்றுக்கொடியின்றித் தானே நிமிர்ந்து நிற்கும் குறுஞ்செடிகள். காற்று ஓயாது வீசும் மலைமுகட்டுப் புல்வெளிகளில் பற்றிப் படர மரமும் புதரும் குறைவு. அத்தகைய இடங்களில் புல்லின் உயரத்துக்குள் அடங்கி வாழும் சிற்றினங்கள் பல இங்கே உருவாகியுள்ளன.

இம்மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவானவை. ஒவ்வொரு முகடும் தட்டையான உச்சியும் செங்குத்தான பக்கங்களும் கொண்டது. கோட்டை கட்டுவதற்கு ஏற்றது. மராட்டியர் ஆட்சியில் முகடுதோறும் கோட்டைகள் எழுந்ததற்கு அதுவே காரணம். செடிகளின் பார்வையில் ஒவ்வொரு முகடும் ஒரு தீவு. ஒரு தீவின் செடி மற்றொரு தீவுக்கு எளிதில் செல்வதில்லை. அதனால்தான் ஒன்றிரண்டு மலைகளில் மட்டுமே வாழும் சிற்றினங்கள் இத்தனை தோன்றின.

புனே தந்த பெயர்கள்

இச்செடிகளின் வரலாற்றில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் புனேயின் அறிவியல் கல்லூரியில் (இன்று அது பொறியியல் பல்கலைக்கழகம்) முதல்வராக இருந்த தியோடர் குக், பம்பாய் மாகாணத்தின் தாவரங்களைத் தொகுத்து எழுதிய நூல் 1901 முதல் 1908 வரை வெளியாயிற்று. மேற்கு இந்தியத் தாவரவியலுக்கு அது நெடுங்காலம் அடிப்படை நூலாக விளங்கியது. 1945இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்ல்ஸ் மக்கான், கொங்கணப் பகுதியின் செரோபீஜியாக்களைப் பற்றி எழுதினார்.

விடுதலைக்குப் பின், 1955இல் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வட்டார மையங்களைத் திறந்தது. தென் வட்டாரத்திற்குக் கோயம்புத்தூரும் மேற்கு வட்டாரத்திற்குப் புனேயும் தேர்ந்தெடுக்கப்பட்டன. புனே மையத்தின் அறிஞர்கள் மழைக்காலந்தோறும் கோட்டை மலைகளில் ஏறினர். புனே மாவட்டத்தின் வடக்கிலுள்ள, சத்ரபதி சிவாஜி பிறந்த சிவ்னேரிக் கோட்டையைக் கொண்ட ஜுன்னர் பகுதியை ஹேமாத்ரி என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அங்கிருந்து 1969இல் செரோபீஜியா ரோலே என்ற சிற்றினமும், 1971இல் செரோபீஜியா மகாபலேயி என்ற சிற்றினமும் உலகிற்கு அறிமுகமாயின. பின்னதன் பெயர், புனே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மகாபலேயைப் போற்றி இடப்பட்டது. அதனை ஹேமாத்ரியுடன் இணைந்து விவரித்தவர் அன்சாரி.

எம். ஒய். அன்சாரி, இப்பேரினத்தின் மீது தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செலுத்தியவர். சஹ்யாத்ரிகா, ஜெய்னி, மக்கான்னி, ஹூபெரி எனப் பல சிற்றினங்கள் அவராலும் அவருடைய உடன்பணியாளர்களாலும் விவரிக்கப்பட்டவை. இப்பெயர்களே ஒரு நன்றிப் பட்டியல்: ஜெய்னி என்பது இந்திய இனத்தாவரவியலின் முன்னோடி எஸ். கே. ஜெயினையும், மக்கான்னி என்பது மேலே கூறிய மக்கானையும், ஹூபெரி என்பது 1957இல் உலகச் செரோபீஜியாக்களைத் தொகுத்து ஆராய்ந்த ஹெர்பர்ட் ஹூபரையும் நினைவுறுத்துகின்றன. பாதிரியாரும் தாவரவியல் அறிஞருமான சாண்டபாவின் பெயரில் சாண்டபாவி என்ற சிற்றினம் உண்டு. இந்தியச் செரோபீஜியாக்கள் அனைத்தையும் ஒருங்கே விவரிக்கும் அன்சாரியின் நூல் 1984இல் வெளிவந்தது.

புனே மையத்தில் உள்ள உலர்தாவரத் தொகுப்பைப் பாதுகாப்புப் பெட்டகம் என்றே கூறலாம். செடியை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே, எந்நாளில், யாரால் எடுக்கப்பட்டது என்று எழுதி வைக்கின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையில் ஒரு செடி இருந்தது என்பதற்கு அந்தத் தாளே பத்திரம். இன்று அங்கே அது இல்லையென்றால், இழப்பு எவ்வளவு என்று கணக்கிட முடிவதும் அந்தத் தாளால்தான்.

கண்டுபிடிப்புகள் அத்துடன் நிற்கவில்லை. 2006இல், நாசிக் மாவட்டத்தின் அஞ்சனேரி மலையிலிருந்து அஞ்சனேரிகா என்ற சிற்றினமும், தாவரவியல் பேராசிரியர் மோகன் ராமின் பெயரால் மோகன்ராமி என்ற சிற்றினமும் விவரிக்கப்பட்டன. இவ்விரு பணிகளிலும் பங்கேற்ற எஸ். ஆர். யாதவ், கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் இப்பேரினத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்.

கிழங்கும் பசியும்

செரோபீஜியாவை அறிந்தவர் தாவரவியலார் மட்டுமல்லர். சஹ்யாத்ரியில் ஆடு மாடு மேய்ப்போரும் மலைவாழ் மக்களும் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிவர். காரணம், அந்தக் கிழங்கு உண்ணத் தக்கது. மாவுச்சத்து மிகுந்த அக்கிழங்கைப் பச்சையாகவும் வேகவைத்தும் உண்கின்றனர். மழைக்கால மேய்ச்சலில் பசித்த சிறுவனுக்கு அது கைக்கெட்டிய தின்பண்டம். பஞ்ச காலத்தில் குடும்பத்துக்கே துணை.

நாம் கண்ட சரிவின் அடிவாரத்தில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நண்பர் மராட்டியில் பேசினார். கைப்பேசியிலிருந்த மலரைக் கண்டதும் முதியவர் சிரித்தார். பூவை அவர் பொருட்படுத்தவில்லை. இலையின் வடிவத்தைக் காட்டி, அடியில் இருப்பது இனிக்கும் என்றார். சிறுவயதில் ஒரு காலைப் பொழுதில் மடி நிறையத் தோண்டியதுண்டு, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை என்றும் கூறினார். அவர் சொல்லில் குற்ற உணர்வு இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. பசிக்கு உண்டவர்களால் மட்டும் இச்செடி அருகவில்லை.

முன்னர் மேய்ச்சல் பரந்த வெளியில் நிகழ்ந்தது. தோண்டியவை போக எஞ்சியவை விதை பரப்பின. இன்று அந்த வெளி சுருங்கிவிட்டது. மலைச்சரிவுகளில் சாலைகளும் பண்ணை வீடுகளும் உல்லாச விடுதிகளும் எழுகின்றன. எஞ்சிய புல்வெளியில் அதிகமான கால்நடைகள் மேய்கின்றன. மலரும் முன்பே தண்டு கடிபடுகிறது. கோடையில் வைக்கப்படும் புல்தீ, தாமதமாக விழுந்த விதைகளை எரிக்கிறது. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கைத் தோண்டுகின்றன. இவற்றுடன், அரிய செடிகளைச் சேகரிக்கும் மோகம் கொண்டோரின் கைகளும் சேர்கின்றன. படத்துடன் இடக்குறிப்பும் இணையத்தில் பரவினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே புல் மிதிபட்டிருக்கும். ஒருவேளை குழியும் இருக்கும். நண்பரின் வேண்டுகோளுக்குப் பொருள் இதுதான்.

1987 முதல் 1990 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த இந்தியத் தாவரங்களின் சிவப்புத் தரவு நூலில் செரோபீஜியாக்கள் பல இடம்பெற்றன. சாலையோர எருக்கு ஓர் ஊரில் அழிந்தால் அடுத்த ஊரிலிருந்து விதை வரும். இரண்டே முகடுகளில் வாழும் செடிக்கு அடுத்த ஊர் கிடையாது. ஒரே கிளையில் மட்டும் உள்ள கணக்கு அது. அக்கிளை மூடப்பட்டால் வேறெங்கும் அதனை மீட்க இயலாது.

மீட்கும் கைகள்

நம்பிக்கைக்கும் இடமுண்டு. மறைந்துவிட்டன என்று அஞ்சப்பட்ட சில சிற்றினங்கள், சரியான மலையில் சரியான வாரத்தில் தேடியபோது மீண்டும் கண்ணில் பட்டன. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டத்தில் இப்பேரினத்தின் பல சிற்றினங்கள் வளர்க்கப்படுகின்றன. விதையிலிருந்தும், ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையிலும் கன்றுகளைப் பெருக்கி, அவற்றைத் தாய்நிலத்திலேயே மீண்டும் நடும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. புனே–சாத்தாரா நெடுஞ்சாலையில் ஷிர்வல் அருகே ஷிந்தேவாடியில் அமைந்துள்ள நௌரோஜி கோத்ரெஜ் தாவர ஆய்வு மையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகிவரும் செடிகளைப் பெருக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

எனினும், தோட்டத்தில் வளர்ப்பது பாதிப் பணியே. ஈயின்றி இம்மலருக்கு வாழ்வில்லை என்று கண்டோம். ஈ வாழ அதற்குரிய புல்வெளி வேண்டும். ஆகவே செடியைக் காப்பது என்பது இறுதியில் அந்தச் சரிவைக் காப்பதே ஆகும்.

அதற்கொரு வழியைச் சாத்தாராவுக்கு அருகிலுள்ள காஸ் பீடபூமியில் காணலாம். 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளுள் காஸும் ஒன்று. செரோபீஜியா ஜெய்னி அங்கே பூக்கிறது. பூக்காலத்தில் கூட்டம் அலைமோதியதால், நாள்தோறும் இத்தனை பேர் என்ற வரம்பும் முன்பதிவும் கட்டணமும் நடைமுறைக்கு வந்தன. சுற்றியுள்ள கிராமத்தாரே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் பணியாற்றுகின்றனர். பூ நிலைத்திருந்தால் தம் வருவாயும் நிலைக்கும் என்பதை அவர்கள் அறிவர். கிழங்கைத் தோண்டிய கைகளுக்கு அதைவிட மேலான பயன் கிடைத்தால், அக்கைகளே அதன் காவலாகும்.

நாம் செய்யத்தக்கவை

வாசகர்களுள் பலர் பணியின் பொருட்டோ பிள்ளைகளின் படிப்பின் பொருட்டோ புனேயில் வாழ்கின்றனர். விடுமுறைக்கு அங்கே செல்வோரும் உண்டு. அவர்களுக்குச் சில சொற்கள்.

மலையேறும்போது ஏற்கெனவே உள்ள ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதிருப்பதே முதல் உதவி. வெறும் புல்லாகத் தோன்றும் இடத்தில்தான் கண்டீல் நிற்கும். பூவைக் கண்டால் பறிக்க வேண்டாம். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் ஆசையில் கிழங்கைத் தோண்டவும் வேண்டாம். ஏற்ற ஈயும் துணைச் செடியும் இல்லாத தொட்டியில் அது விதை தருவதற்கில்லை. படத்தை வெளியிடுவோர் இடக்குறிப்பை நீக்கிவிட்டு வெளியிடுக.

வளர்த்தே ஆக வேண்டுமென விரும்புவோர்க்கு நாற்றங்கால்களில் ஒரு செரோபீஜியா எளிதில் கிடைக்கிறது. இதய வடிவ இலைகள் சரமாகத் தொங்கும் அக்கொடி, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த செரோபீஜியா உட்டீ. தண்டிலேயே சிறு மணிபோன்ற கிழங்குகள் தோன்றும். அவற்றைப் பதித்தாலே புதுக்கொடி முளைக்கும். நிழல்சேர்ந்த வெளிச்சமும் அளவான நீரும் போதும். சிறு கண்டீல்களையும் சன்னலோரத்திலேயே காணலாம். எந்த மலையிலிருந்தும் எதனையும் எடுக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் வாழ்வோருக்கும் இதில் பங்குண்டு. நம் வறண்ட முட்புதர்க் காடுகளில் இலைகள் சிறுத்து, சதைப்பற்றுள்ள தண்டுடன் படரும் செரோபீஜியா ஜன்சியாவும், நீலகிரியின் புல்வெளிகளில் செரோபீஜியா புசில்லாவும் உள்ளன. வெறும் முட்காடு, வெறும் புல்வெளி என்று நாம் எண்ணும் நிலங்களே அவற்றின் வீடு. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002, உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வழிசெய்கிறது. ஊரிலுள்ள செடி, உயிர், மரபறிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது அதன் கடமை. உங்கள் ஊர்ப் பதிவேட்டில், ஊர் முதியவர்கள் பெயர் சொல்லி அறிந்த செடிகள் இடம்பெற்றுள்ளனவா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயர் எழுதப்படாத செடி அழிந்தால் அழிந்தது என்று சொல்லவும் ஆளிருக்காது.

இவ்வாண்டு ஜனவரியில் அலுவல் காரணமாகப் புனே சென்றபோது, நண்பருடன் மீண்டும் அச்சரிவுக்குப் போனோம். புல் முற்றிலும் காய்ந்து கிடந்தது. ஆகஸ்டில் நாம் குனிந்து பார்த்த இடம் எதுவென்று நமக்கு அடையாளம் தெரியவில்லை. நண்பர் ஒரு பாறையிலிருந்து நான்கு அடி அளந்து, இங்கேதான் என்றார். காலுக்கடியில் ஏதும் இல்லை. வறண்ட மண்ணும் சில கற்களும் மட்டுமே. ஆனால் மண் தோண்டப்படவில்லை. அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று கூறி, அவர் நிம்மதியுடன் திரும்பி நடந்தார்.